ஏழாம் வகுப்பின் கடைசி பீரியடு

ஜூன் 19, வியாழன்

ஏழாம் வகுப்புக்குத் தினமும் கடைசி இருபது நிமிடம் கதை வாசிப்பதாகச் சொல்லி இன்றோடு மூன்று நாள். எடுத்த நாவல் தேறவில்லை. எனக்கு உயிரான நாவல்தான். ஆனால் முதல் நான்கு பக்கமும் ஆறு, கரை, மாலை வெயில். வாய்விட்டு வாசித்தால் மூச்சு வாங்குகிறது. வாக்கியம் முடிவதற்குள் எழுவாய் எனக்கே மறந்துவிடுகிறது. கடைசி பெஞ்சில் ஒருவன் ஜாமென்ட்ரி பாக்ஸைத் திறந்து திறந்து மூடினான். டக், டக்.

ஜூன் 22, ஞாயிறு

அடுக்களையில் நின்றபடி நான்கு புத்தகங்களிலிருந்து இரண்டிரண்டு பக்கம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். "யாருகிட்ட பேசுத?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

அரசின் வாசிப்பு இயக்கம் தரும் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைப் புத்தகங்களைப் பிள்ளைகளே வாசித்துக்கொள்ளட்டும். அதை நான் பிடுங்க வேண்டாம். ஜப்பானியப் புத்தகம் 'டோட்டோ-சான்' நாக்கில் நன்றாக உருள்கிறது. ரயில் பெட்டியில் வகுப்பு, நான்கு மணி நேரம் ஒரு சிறுமி பேசுவதைக் கேட்கும் தலைமையாசிரியர். அத்தியாயங்களும் சின்னவை. அது ஆகஸ்டுக்கு. நாளைக்கு கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதை.

ஜூன் 23, திங்கள்

பிள்ளைகள் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு ஆடும் இடத்திலேயே வகுப்பு உள்ளே வந்துவிட்டது. "நாங்க கேட்ல ஆடுவோம் டீச்சர்!" கி.ரா. ஊர் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் என்றேன். "எங்க மாமா ஊருக்கு அந்த வழியாத்தான் பஸ்ஸு."

தலையாரி என்றால் ஊர்க் காவல்காரர், தீர்வை என்றால் நிலவரி என்று இரண்டுக்கும் நிறுத்தி விளக்கம் சொன்னேன். தப்பு. கதை அறுந்து, மறுபடி ஒட்ட ஐந்து நிமிடம் ஆனது. இனிமேல் இந்த மாதிரிச் சொற்களை முதலிலேயே போர்டில் எழுதிவிட வேண்டியதுதான். தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகும்போது பெல் அடித்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

காலை பிரேயருக்கு முன்பே ஜாமென்ட்ரி பாக்ஸ்காரன் வந்து நின்றான். "கதவு திரும்பக் கிடைச்சிருமா டீச்சர்?"

கைக்குழந்தை இறக்கும் பத்தியைத் தாண்டிவிடலாமா என்று ராத்திரி முழுக்க யோசனை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கடைசியில் குரலை ஏற்றாமல் இறக்காமல் அப்படியே வாசித்தேன். "வாடைக்காத்து உள்ள வந்துதானா?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூலை 3, வியாழன்

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. இவரும் அதே இடைசெவல்தான் என்றதும் அந்த ஊரில் எல்லோருமே கதை எழுதுவார்களா என்று கேட்டார்கள்.

உரையாடல் நிறைந்த கதை, வாசிக்கச் சுகம். பயமெல்லாம் வேறு. உடுப்பில்லாமல், சிரங்கோடு ஒரு பையன் வாசலில் வந்து நிற்கும் இடம். அதை வாசிக்கும்போது தற்செயலாக நான் யாரைப் பார்த்தாலும் வகுப்பே அந்தப் பக்கம் திரும்பிவிடும். சரி என்று, அந்த இரண்டு பக்கம் முடியும்வரை புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அப்பாவுக்கு வைத்திருந்த துண்டை அந்தப் பையனுக்குக் கட்டிவிடும்போது கடைசி பெஞ்சிலிருந்து குரல்: "அப்போ அவங்க அப்பாவுக்கு?"

டக் டக் சத்தம் இல்லை. பாக்ஸ் பைக்குள்ளேயே கிடந்தது போல.