நேரம் தாண்டிய குழாய்

"இந்த ரத்தம் வீணாப் போயிறாதுதானே புள்ள?" என்று, எங்கள் ஆய்வுக்கு இரத்தம் கொடுத்த தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் கேட்டார். "போகாதும்மா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்று தெரிந்தே கொழுந்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த இரத்தம் ஆய்வில் சேரவில்லை. கினிகத்தேனைக்குக் கிட்ட மண்சரிவு. வேன் கண்டிப் பக்கம் வந்து சேரும்போது எங்கள் ஆய்வு விதி அனுமதித்த நான்கு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. பெட்டியைத் திறந்து நேரத்தைச் சரிபார்த்து, பதிவேட்டில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தது நான்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். குழாய்க்குள் போன இரத்தம் அப்படியே நின்றுவிடுவதில்லை. வெண்குழியங்கள் உயிரோடு இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கின்றன. இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் புரதங்களை வெளியே விடுகின்றன. மலை வீதியில் வண்டி குலுங்கக் குலுங்கச் செங்குழியங்கள் உடைந்து ஹீமோகுளோபின் கசிகிறது. நாங்கள் தேடியதோ, சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களின் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது இரத்தத்தில் கூடிக் குறையும் சில புரதங்களை. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் அல்புமின் ஒன்றே. நோயைக் காட்டித் தரக்கூடிய சில புரதங்கள் அதைவிடப் பல கோடி மடங்கு குறைவு. அவ்வளவு சொற்பத்தை அளக்கும்போது, காத்திருந்த நேரமும் சேர்ந்தே அளவில் விழும்.

அந்த அம்மாவுக்குச் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. நோயாளிகளோடு ஒப்பிடுவதற்கான ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் இருந்தார். அந்தப் பட்டியலில் ஒரு கெட்டுப்போன மாதிரி நுழைந்தால், இல்லாத அழற்சி இருப்பதாகத் தெரியும். அப்புறம் முழு ஒப்பீடும் சாய்ந்துவிடும். அவரிடம் எடுத்த இரண்டாவது குழாயின் நிலைமை இன்னும் மோசம். அதிலிருந்து வெண்குழியங்களை உயிரோடு பிரித்து, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் ஒளிரும் ஆன்டிபாடிகளை ஒட்டவைத்து, ஒவ்வொரு கலமாக லேசர் வழியே ஓடவிட வேண்டும். நேரம் போகப் போக வேண்டாத குழியங்களும் பிரித்தெடுக்கும் படலத்தில் கலந்துவிடும். செத்த கலமோ எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் மனது கேட்கவில்லை?

பிரித்தானியாவில் மக்களின் இரத்தத்தையும் உடல்நல விவரங்களையும் சேர்த்துவைக்கும் யூகே பயோபேங்க்கின் தன்னார்வலர்கள் 54,219 பேரின் பிளாஸ்மாவில் 2,923 புரதங்களை அளந்த ஆய்வு 2023 இல் வெளியானது. சில துளி பிளாஸ்மா போதும். ஒரே புரதத்தின் இரண்டு இடங்களில் இரண்டு ஆன்டிபாடிகள் போய் ஒட்டும். ஒவ்வொன்றோடும் ஒரு டி.என்.ஏ. துண்டு இணைந்திருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும். சேர்ந்ததை எண்ணினால் புரதத்தின் அளவு கிடைத்துவிடும். 2025 ஜனவரியில் இதையே 6 இலட்சம் மாதிரிகளுக்கும் 5,400 புரதங்கள் வரைக்கும் விரிவாக்கப்போவதாக அறிவித்தார்கள். எனக்கு இதில் உண்மையான சந்தோஷம் உண்டு. நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஒரு துளியில் அதைக் கண்டுபிடிக்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்த இரத்தம் எப்படிச் சேர்க்கப்பட்டது என்று படித்தபோதுதான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. நாடெங்கும் இருந்த நிலையங்களில் எடுத்து, குளிரில் வைத்து, ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஒரே ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, 24 மணி நேரத்துக்குள் பிரித்திருக்கிறார்கள். அப்படியென்றால் எங்கள் நான்கு மணி நேரம்?

எங்கள் பொறுப்பு டாக்டரிடம் கேட்டேன். அங்கே எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தாமதம், அதனால் ஒருவரையொருவர் ஒப்பிடலாம் என்றார். நம்மிடம் கம்பளைக்காரரின் குழாய் ஒரு மணி நேரத்தில் வரும், பொகவந்தலாவைக்காரரின் குழாய் எப்போது வரும் என்று மழைக்குத்தான் தெரியும். பிந்தி வந்த குழாய்கள் கொஞ்சம்தான். அதை வைத்துக் கணக்கில் திருத்தவும் முடியாது. அவர் சொன்னதில் பிழை இல்லை.

ஆனாலும் பிந்தி வரும் குழாய் எப்போதும் யாருடையது? தோட்டத்தின் மேற்பிரிவுக்காரருடையது. வேன் போகாத இடத்திலிருந்து நடந்து வந்து கை நீட்டுகிறவருடையது. பயோபேங்கில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான், நம் மக்களின் உடம்பு வேறு, சாப்பாடு வேறு, வேலை வேறு, அதனால் நம் இரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த ஆய்வே தொடங்கியது. கடைசியில் மலையகம் என்று அறிக்கையில் வரப்போவது பெரிய வீதியின் ஓரத்தில் இருக்கும் மலையகம்தான். விதியைக் காப்பாற்றியதும் நான், அவரை வெளியே தள்ளியதும் நான். இரண்டும் ஒரே கையெழுத்தில் நடந்தது.

படிவத்தில் எல்லாம் இருக்கிறது. 'பொருத்தமற்ற மாதிரிகள் அகற்றப்படலாம்' என்ற வரியை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன், தலையாட்டினார். ஆனால் கேள்வி வந்தது கையெழுத்துக்குப் பிறகு. அது படிவத்திடம் கேட்ட கேள்வி இல்லை. அவரைப் போன்ற ஒருவரின் வீட்டில் பிறந்து, அவர் பேசுவதையே பேசும் என்னிடம் கேட்டது. அந்த இடத்தில் "மழை வந்தால் வீணாப் போகலாம்மா" என்று சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. இரத்தம் கொடுத்துவிட்டு எழும்புகிற ஒருவரிடம் அப்படிச் சொல்வது நியாயமே இல்லை என்று வேறு சில நாள்.

பிறகு அந்தத் தோட்டத்துக்குப் போனபோது அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். மண் சரிந்ததையும், நேரம் போனதையும், இரத்தத்தைப் பயன்படுத்த முடியாமல் போனதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "மழைக்கு யாரு என்ன செய்ய. இன்னொரு தடவ எடுத்துக்கங்க" என்று சட்டைக் கையை மேலே சுருட்டினார். ஆட்களைச் சேர்ப்பது முடிந்துவிட்டது, அனுமதி இல்லாமல் ஒரு துளியும் எடுக்க முடியாது என்று விளக்கினேன். அவருக்கு அது விளங்கவில்லை. தருகிறேன் என்று நிற்கும் ஒருவரிடம் வேண்டாம் என்பதற்கு அனுமதி ஒரு காரணமா என்று எனக்கும் அந்த நேரத்தில் விளங்கவில்லை. அங்கேயே விரலில் குத்திப் பார்த்த சீனி அளவை அன்றே சொல்லியிருந்தோம், அது ஒன்றுதான் அவர் கையில் மிஞ்சியது.

அடுத்த கட்டத்துக்கு இரண்டு விஷயங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, கரண்ட் போனாலும் ஓடும்படி பேட்டரியோடு, இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சிறிய சென்ட்ரிஃபியூஜும் ட்ரை ஐஸும். தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்துவிடலாம். இன்னொன்று, எடுத்த இடத்திலேயே கலங்களை நிலைப்படுத்தும் கரைசல். அது விலை கூட, நிலைப்படுத்திய பிறகு சில ஆன்டிபாடிகள் ஒட்டவும் மாட்டா. முதலாவது கிடைக்கும் போலிருக்கிறது. இரண்டாவதற்குப் பணம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் மேற்பிரிவுக்காரர்கள் புரதக் கணக்கில் இருப்பார்கள், கலங்களின் கணக்கில் இருக்க மாட்டார்கள். அதற்கு நான் சம்மதிப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.