பட்டம் கட்டுற கைக்குக் கூடு லேசு

கார்த்திகை விளக்கீட்டுக்குக் காகிதக் கூடு, அதாவது மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய விளக்கு, கட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கரவெட்டியில் நான் கண்டு வளர்ந்த விளக்கீடு வேறு. படலையடியில் வாழைக்குற்றி நட்டு, பப்பாசிக்காயைப் பாதியாகப் பிளந்து குடைந்து, எண்ணெய் விட்டுத் திரி போட்டு அதன் தலையில் வைப்போம். தடிகளில் துணி சுற்றிப் பந்தம் செய்து வளவெல்லாம் குத்துவோம். கிணற்றடிக்கு ஒரு சிட்டி விளக்கு, மாட்டுக்கொட்டிலுக்கு ஒரு சிட்டி. கூடு என்றால் வைகாசியில் பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குக் கட்டுவது, இல்லாவிட்டால் மார்கழியில் கிறிஸ்தவ வீட்டு விறாந்தைகளில் தொங்கும் நட்சத்திரம்.

ஆனால் கார்த்திகையில் மழை விடாது. வாடைக்காற்று வேறு. ஏற்றி முடிக்க முதலே பாதிச் சிட்டி நூர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகளை நெருப்புக்குக் கிட்ட விடவும் மாட்டோம். அவர்கள் விறாந்தையில் குந்தியிருந்து பார்க்கிறதுதான். எனக்கு அது நெடுநாளாக மனத்தில் குறையாகவே கிடந்தது.

வழி காட்டியது ஜேர்மனியில் இருக்கும் தங்கச்சியின் மகள். அங்கே நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த காகித விளக்கைத் தடியில் தொங்கவிட்டு, இருட்டுகிற நேரம் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவால் போவார்கள். பல ஊர்களில் சிவப்பு மேலாடை போட்ட ஒருவர் குதிரையில் முன்னால் போவார். மார்ட்டின் உரோமப் படையில் வீரனாக இருந்தவர். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவரைக் கண்டு தன் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. பிறகு தூர் நகரத்து ஆயராகி 397இல் காலமானார். முந்தி அங்கே மாட்டுக்குப் போடும் பீட்ரூட் வகைக் கிழங்கைக் குடைந்துதான் விளக்குச் செய்வார்களாம். தங்கச்சி அதைச் சொன்னதும் அம்மாவுக்குத் தன் பப்பாசிக்காய் ஞாபகம் வந்து ஒரே சிரிப்பு.

"பெரியம்மா, மழை பெய்தாலும் நாங்கள் போவம்" என்றாள் பெறாமகள். அப்படியென்றால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளும் போகலாம்தானே!

பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்தியபோதுதான் ஒன்று விளங்கியது. இவர்களுக்குக் கூடு கட்டப் பாதி ஏற்கெனவே தெரியும். வடமராட்சியில் வாடை தொடங்கினால் பெடியள் பட்டத்துக்கு மூங்கில் சீவத் தொடங்கிவிடுவார்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரிய பட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கணு எங்கே வரும், எந்தப் பக்கம் வளையும், எவ்வளவு மெல்லிசாகச் சீவினால் முறியும் என்று பத்து வயதுப் பெடியன் எனக்குச் சொல்லித் தருகிறான். ரிசு பேப்பர் என்கிற மெல்லிய நிறத்தாள், நூல், கோதுமை மாப் பசை எல்லாம் பட்டத்துக்கும் கூட்டுக்கும் ஒன்றே.

நாங்கள் கட்டியது வெசாக்கில் எல்லாரும் கட்டும் அந்த எண்பட்டைக் கூடு. அதன் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. ஒரே நீளமான 24 மூங்கில் சிலாகைகள் வேண்டும். நாங்கள் ஆறு அங்குலம் எடுத்தோம். நாலு நாலாகக் கட்டினால் ஆறு சதுரம். சதுரங்களை மூலையோடு மூலை சேர்த்துக் கட்டுங்கள், மொத்தம் 12 கட்டு. கடைசி முடிச்சு விழும்போது, யாரும் கட்டாத எட்டு முக்கோணங்கள் இடையில் தாமாகவே வந்து நிற்கும். அதைக் கண்ட பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவாவது ஒருமுறை கட்டிப் பாருங்கள். ஒரு சிலாகை கொஞ்சம் நீண்டாலும் கூடு முறுகும். அளந்து வெட்டுவதை மட்டும் நிதானமாகச் செய்ய விடவேண்டும். அவசரப்படுத்தக் கூடாது, வாங்கி நாங்களே வெட்டிக் கொடுக்கவும் கூடாது. வேலையே அதுதான்.

பேப்பர் ஒட்ட வெயில் நாள் பார்க்கவேண்டும். ஈரக்காற்றில் ஒட்டினால் தொய்ந்துபோகும். மலிவான பேப்பரின் சாயம் ஒரு துளி மழைக்கே கரையும், ஆகவே கையில் கொண்டுபோகிற கூட்டுக்கு மேலே தெளிவான பொலித்தீன் ஒன்று சுற்றினோம். மேல்சதுரத்தைத் திறந்தே விடுங்கள், சூடு போகவும் கை போகவும். அடிச்சதுரத்தில் மட்டை.

ஜேர்மன் பிள்ளைகள் விளக்கில் சிவந்து பழுத்த இலைகளை ஒட்டுவார்கள். எங்களுக்கு அந்த இலையுதிர்காலம் ஏது? முற்றத்துக் குரோட்டன் இலையில் எல்லா நிறமும் உண்டு, ஆனால் தடிப்பு. வெளிச்சத்தின் முன் வெறும் கறுப்பாகத்தான் நிற்கும். அரசிலையைத் தண்ணீரில் கிழமைக்கணக்கில் ஊறப்போட்டுச் சதையைக் கழுவினால் மிஞ்சுகிற நரம்புவலைதான் இதற்குச் சரி. நிழல் விழும்போது ஒவ்வொரு நரம்பும் தெரியும். பிள்ளைகள் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தி வைக்கிற அதே இலை.

நெருப்பா, பட்டரியா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். விறாந்தையில் தொங்குகிற கூட்டுக்குள் மெழுகுதிரி வைக்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். பிள்ளை கையில் பிடிக்கிற கூட்டுக்குப் பட்டரி லைட்தான். இதில் நான் இறங்கிவர மாட்டேன். வெள்ளை வெளிச்சம் வேண்டாம், மஞ்சள் நிற பல்ப் வாங்குங்கள். பக்கத்து நெல்லியடிக் கடைகளில் கிடைக்கும்.

விளக்கீட்டன்று தூறல்தான். பிள்ளைகள் ஒழுங்கையால் கோயிலடிக்கு நடந்து, சொக்கப்பனை கொளுத்துமட்டும் கூடும் கையுமாக நின்றார்கள். வழியில் ஆச்சிமார் படலைக்கு வந்து கூட்டைப் பிடித்து "ஆர் கட்டினது?" என்று கேட்க, "நான்தான்" என்ற பதில் ஒவ்வொரு வாயிலிருந்தும் உரத்து வந்தது.

இப்போது பேப்பரை உரித்துவிட்டோம். சட்டங்கள் நல்ல பலமாகவே இருக்கின்றன. ஒழுங்கை முகப்பு வீட்டுப் பிள்ளைகள் நத்தாருக்கு வெள்ளைப் பேப்பர் ஒட்டித் தொங்கவிட இரண்டு சட்டத்தைக் கேட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். மிச்ச மூங்கிலைப் பட்டத்துக்கென்று பெடியள் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருசத்துக்கு அரசிலையைப் புரட்டாதியிலேயே ஊறப்போடச் சொல்லி எனக்கு உத்தரவும் தந்திருக்கிறார்கள்.