சித்தியும் சொரோரிட்டியும்

2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதி வேட்பாளராகப் பேசியபோது ‘சித்தி’ என்று சொன்னார். அந்தத் துண்டு வீடியோ எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் சுற்றிச் சுற்றி வந்தது. அதே உரையில், தன் குடும்பம் என்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் சொன்னார். அது என்னவென்று வெள்ளவத்தையில் ஒருவரும் கேட்கவில்லை. வோஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவிகள் 1908இல் தொடங்கிய சொரோரிட்டி, அதாவது மாணவியர் சகோதரிச் சங்கம், அது. கமலா அங்கே படித்த காலத்தில் அதில் சேர்ந்தவர்.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது நியூ ஜேர்சியில் படிக்கும் என் பெறாமகளால். அவள் ஒரு பல்லின சொரோரிட்டியில் சேரப்போகிறாள் என்றதும் அக்கா அங்கிருந்து எனக்குக் கோல் எடுத்தாள். “நீ சொன்னால்தான் கேட்பாள்.”

நான் பிள்ளையிடம் முதலில் கேட்டது பகிடிவதையைப் பற்றி. 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால் இறந்ததையும், அடுத்த வருடம் அதற்கென்றே தனிச் சட்டம் வந்ததையும் மறக்கக்கூடிய தலைமுறை இல்லை நாங்கள். அவள் மழுப்பவில்லை. அங்கேயும் 2013இல், நியூயோர்க் மாணவன் ஒருவன் ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி (ஆண் மாணவர்களின் சங்கம்) ஒன்றில் சேரப்போய் பென்சில்வேனியாவில் உயிரை விட்டான். அந்த அமைப்பை நீதிமன்றம் அந்த மாநிலத்தில் பத்து வருடம் தடைசெய்தது. “சிறுபான்மைக் குழு என்றால் நல்ல குழு என்று அர்த்தமில்லை, சித்தி. நான் விசாரித்துத்தான் சேருகிறேன்.” சரி, தலையில் மூளை இருக்கிறது.

அக்காவின் அடுத்த கவலை வேறு. சேர்வதென்றால் தெற்காசியப் பிள்ளைகளோடு சேரலாமே? அப்படியும் இருக்கின்றனதான். டெக்சஸ் ஒஸ்டினில் 1998இல் தொடங்கிய கப்பா ஃபை காமா அப்படியான ஒன்று. இவள் போய்ப் பார்த்த கூட்டத்தில் ஹிந்திப் பாட்டும் பங்ராவும். ஸ்ரீலங்கா என்றதும் “சிங்களம் பேசுவாயா?” என்று கேட்டார்களாம். “அங்கே போனாலும் நான் விளக்கம்தான் சொல்லிக்கொண்டு நிற்கவேணும்.”

அமெரிக்காவின் பழைய ஃபிரட்டர்னிட்டிகள் பல, வெள்ளைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று யாப்பிலேயே எழுதி வைத்திருந்தவை. கதவு திறக்காததால் யூதர்கள் தமக்கொன்று, கறுப்பினத்தவர் தமக்கொன்று, பிறகு 1975இல் நியூ ஜேர்சியில் லத்தீன் மாணவர்கள் தமக்கொன்று என்று தொடங்கினார்கள். இதுவரை நமக்குப் பழகின கதை. 1981இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மியூ சிக்மா அப்சிலோன் என்று சில பெண்கள் தொடங்கியதுதான் எனக்குப் புதிது. அது எந்த ஓர் இனத்துக்கும் உரியது அல்ல என்பதே அதன் அடிப்படை. முதலாவது பல்லின சொரோரிட்டி அதுதான்.

இவள் சேர்ந்தது அதுவல்ல, வேறொன்று; பெயரை எழுதக்கூடாதாம். பெரிய மாளிகை எல்லாம் இல்லை, கூட்டம் நடப்பது வகுப்பறையில். சந்தாக் காசு மட்டும் மாளிகைக் கணக்கில்தான் இருக்கிறது என்று அக்கா புறுபுறுக்கிறாள். புதியவர்களை அறிமுகப்படுத்தும் வீடியோவைப் பிள்ளை அனுப்பினாள். முகமூடியோடு ஒருவர் பின் ஒருவர் ஒட்டி நின்று சங்கத்தின் வரலாறு முழுவதையும் உரத்த குரலில் ஒப்புவிக்கிறார்கள். (சின்ன வயதில் தேவாரம் ஒப்புவித்த தொண்டை, பிள்ளை தடுமாறவில்லை.) முன்னால் ஒரு டொமினிக்கன் பெண், பின்னால் ஒரு எகிப்தியக் கிறிஸ்தவப் பெண். இவர்கள் மூவரும் ஒரே கொமிட்டியில் காசுக் கணக்குக்கு அடிபடுவார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நான் கொழும்பு கம்பஸில் படித்தபோது தமிழ்ச் சங்கம் இருந்தது, முஸ்லிம் மஜ்லிஸ் இருந்தது, பௌத்த சங்கம் இருந்தது. ஒருவர் விழாவுக்கு மற்றவர் போவோம். குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றுவோம், பற்றிஸும் நெஸ்கஃபேயும் எடுத்துக்கொண்டு திரும்புவோம். கணக்குக் கொப்பியை யாரும் நம்மிடம் தந்ததில்லை, நாமும் தந்ததில்லை.

இங்கே அப்படி ஒன்று தொடங்கலாமே என்று பெறாமகள் லேசாகச் சொல்கிறாள். தொடங்கலாம். முதல் நாளே கூட்டக் குறிப்பை எந்த மொழியில் எழுதுவது என்று சண்டை வரும். கடைசியில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். வவுனியாப் பிள்ளையும் மொனராகலைப் பிள்ளையும் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.