அப்பத்தாவின் மணையும் ஒரு ஜீப்பும்

ஜூலை 7, 2024, ஞாயிறு

ஜீப் வந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட், 2016 மாடல், டீசல், நான்கு சக்கரமும் இழுக்கும். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அப்புறம் அது ஒன்றுதான் பேச்சாக இருக்கும். எங்கள் பக்கம் உயரமாக, பெட்டி மாதிரி, பின்னால் ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு எது வந்தாலும் அது ஜீப்தான்.

மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் அப்பத்தா வாசலுக்கு வந்து பார்த்தது. "ஏன்டா, லாரியா வாங்கியிருக்க?" ஏறிப் பார்க்கவும் ஆசை. கால் எட்டவில்லை. உள்ளே போய், அரிவாள்மணைக்குப் பக்கத்தில் போட்டு உட்காரும் வேப்பமர மணையை எடுத்து வந்து கதவுக்குக் கீழே போட்டது. அரையடி உயரம், கனத்த பலகை. தாத்தா கையால் செய்தது. அதில் ஒரு கால், வண்டியில் ஒரு கால், என் தோளில் ஒரு கை. ஏறிவிட்டது. மணை இனி வண்டியிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு.

வீட்டில் நான் சொன்ன காரணம் நிலம். பேரையூரைத் தாண்டி சாப்டூர் போகிற வழியில் நாலு ஏக்கர் கரிசல் இருக்கிறது. மழை பெய்தால் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதையில் பைக்கை உருட்டக்கூட முடியாது. வீட்டில் சொல்லாத காரணம் மலை.

ஜூலை 28, ஞாயிறு

மூன்று வாரத்தில் 640 கிலோமீட்டர். ஃபுல் டேங்க் போட்டு மறுபடி ஃபுல் டேங்க் போடும்வரை கணக்குப் பார்த்ததில் லிட்டருக்கு 10.8. பழைய ஹேட்ச்பேக் 18 கொடுத்தது. அதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

கீழமாசி வீதிக்கு இதை எடுத்துக்கொண்டு போகிறவன் முட்டாள். இன்று போனேன். மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவில் திருப்ப முடியாமல் மூன்று தடவை ரிவர்ஸ் எடுத்தேன். மூன்று தடவையும் ஒரே பூண்டு வியாபாரி கையைக் காட்டி வழி சொன்னார். தெற்குவாசல் பாலத்தில் இணைப்பு ஒவ்வொன்றையும் முதுகால் எண்ணலாம். பின்சீட்டில் உட்கார்ந்து வந்த மனைவி, திரும்பும்போது ஆட்டோவில் வருகிறேன் என்று இறங்கிவிட்டாள்.

மெக்கானிக் சொன்ன ஒரு விஷயத்தைக் குறித்து வைக்கிறேன். பெரிய கியர் லீவருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு லீவர் இருக்கிறது. 2எச் என்றால் பின்சக்கரம் இரண்டு மட்டும். 4எச் என்றால் நான்கும். 4எல் என்றால் நான்கும், அதுவும் மெதுவாக, சுமார் இரண்டரை மடங்கு பலத்தோடு. பாதிப் பேர் அந்த லீவரைத் தொடாமலே வைத்திருந்து, தேவைப்படுகிற அன்று பார்த்தால் அது இறுகிக் கிடக்குமாம். மாதத்துக்கு ஒரு தடவையாவது மண் தரையில் போட்டு நாலடி ஓட்டுங்கள் என்றார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கொழுக்குமலை. கடைசியில் போய்விட்டேன். ஆனால் என் வண்டியில் இல்லை.

போடியில் மச்சான் வீட்டில் தங்கி, நடு ராத்திரி தாண்டிக் கிளம்பினோம். மச்சான் பதினைந்து வருடமாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறவர். விடிகாலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கூலியாட்களோடு இடுக்கிக்கு மலையேறுகிற ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த டிரைவர்களுக்கு யாரும் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. போடிமெட்டு வளைவுகளில் என்னிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார். நல்ல தார் ரோடு. சின்ன லீவரை நான் ஆசையாகப் பார்த்தபோது, "கையை வச்சீங்க, வெட்டிருவேன் மாப்ள. தார்ல போடக் கூடாது" என்றார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி. அங்கே வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். மேலே போக உள்ளூர் ஜீப்தான் எடுக்க வேண்டும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஜீப் பாதை கேரளா பக்கமிருந்துதான். நான்கு சக்கரமும் இழுக்கிற சொந்த வண்டியை அடிவாரத்தில் நிறுத்தி, அதைவிட இருபது வயது மூத்த ஜீப்பில் காசு கொடுத்து ஏறினேன். மச்சான் சிரிப்பை அடக்கவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். பாதை என்று அதைச் சொல்ல மாட்டேன், பாறைகளுக்கு இடையில் மிச்சம் இருக்கிற இடம். நான் கவனித்தது அந்த டிரைவரின் கால்களை. மோசமான கல் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார். பார்க்கிறார். சின்ன லீவரைப் போடுகிறார். அப்புறம் ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் வண்டியைத் தானாக ஊர விடுகிறார். மேலே 7000 அடிக்கு மேல், சூரியன் மேகத்துக்குக் கீழிருந்து வந்தது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் ஜீப்புக்கு அடியில் குனிந்து ஸ்பிரிங் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சை வைத்து நசுக்கிய மூன்றாம் நாள், வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது.

முந்தைய ராத்திரி பேரையூர்ப் பக்கம் நல்ல மழை. இதற்குத்தானே வாங்கினோம் என்று கிளம்பினேன். வண்டிப்பாதை மேலாக்கில் பளபளவென்று, தார் ரோடு மாதிரியே இருந்தது. 2எச்சிலேயே உள்ளே விட்டேன். முந்நூறு அடி போயிருப்பேன். பின்பக்கம் இழுத்தது. அப்போதுதான் 4எச் போட்டேன். கொழுக்குமலையில் பார்த்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கரிசல் ஈரமானால் சேறு இல்லை, அது பசை. டயர் பட்டனுக்கு இடையில் போய் அடைத்துக்கொண்டு வெளியே வராது. பத்துச் சுற்றில் டயர் மொட்டை. இறங்கிப் பார்த்தால் ஒவ்வொரு சக்கரமும் கேழ்வரகுக் களி உருண்டை. இன்னொன்றும் இன்றுதான் கண்ணால் பார்த்தேன். நான்கு சக்கர வண்டி என்று பெயர், சுற்றியது இரண்டு: முன்னால் இடது, பின்னால் வலது. மற்ற இரண்டும் சும்மா நின்றன. அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியைத்தான் கிரவுன் என்பார்கள். அதில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக் இல்லாத வண்டியில், ஒரே அச்சின் எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அது மட்டும் வீணாகச் சுற்றும்.

ஜாக்கி போட்டேன். சக்கரம் மேலே வரவில்லை, ஜாக்கி கீழே போனது. வண்டிக்குள் தேடினால் பலகை மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பத்தாவின் மணை. வேறு வழியில்லை. அதன்மேல் ஜாக்கியை வைத்ததும் சக்கரம் எழும்பியது. அடியில் போட, ஓரத்தில் வெட்டிக் கிடந்த சீமைக்கருவேலங் கிளையை இழுத்து வந்தேன்.

"அண்ணே, முள்ளைப் போட்டு நாலு டயரையும் பஞ்சராக்கப் போறீகளா?"

பக்கத்துப் புஞ்சைப் பையன். தூரத்திலிருந்து ரொம்ப நேரமாகப் பார்த்திருக்கிறான் போல. அவனே போய்ப் படப்பிலிருந்து இரண்டு கட்டு சோளத்தட்டை உருவி வந்தான். தட்டையை வைத்து மூன்றடி நகர்ந்தது, மறுபடி உட்கார்ந்தது. கடைசியில் அவன் அப்பாவின் டிராக்டர்தான். சங்கிலியைக் கட்டி, ஐந்தே நிமிடம். "இது டிராக்டர் மாதிரி இழுக்கும்னு போன மாசம் டீக்கடைல சொன்னீகளேண்ணே" என்றான். சொல்லியிருந்தேன். காசு வாங்க மாட்டேன் என்று நின்றான். தட்டைக்காவது வாங்கிக்கொள் என்று பாக்கெட்டில் திணித்தேன்.

அதோடு முடியவில்லை. சந்தோஷத்தில் 4எச்சை எடுக்க மறந்துவிட்டேன். டி.கல்லுப்பட்டியில் டீசல் போட பங்குக்குள் ஒடித்துத் திருப்பினேன், வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திக்கித் திக்கிக் குதித்தது. லீவரும் வரவில்லை. மச்சானுக்குப் போன் போட்டேன். "நேரா பத்தடி ரிவர்ஸ் எடுங்க மாப்ள." எடுத்தேன். டக்கென்று ஒரு சத்தம், லீவர் வெண்ணெயாக வந்தது. திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். இந்த வண்டியில் 4எச் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கிறது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்காது, முறுக்கு உள்ளேயே ஏறும். தார்ல போடக் கூடாது என்றதற்கு இதுதான் அர்த்தம்.

திருமங்கலம் தாண்டி 70ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது. ஏதோ உடைந்தேவிட்டது என்று உயிர் போயிற்று. ரிம்முக்கு உள்பக்கம் அப்பியிருந்த களிமண்தான். குச்சியால் நோண்டி எடுத்ததும் சரியாகிவிட்டது.

அக்டோபர் 14, திங்கள்

அப்பத்தா: "மணை எங்கடா?"

ஜாக்கியை எடுத்தேன், மணையை எடுக்கவில்லை. சேற்றுக்குள் இருக்கும். மத்தியானம் முழுக்க என்னோடு பேச்சில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

மதியம் நகரத்தில் அப்படி ஒரு மழை. செல்லூர்ப் பக்கம் வேலையாகப் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் வாய்க்கால். கார்கள் அப்படி அப்படியே நின்றன. நான் உயரத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. வேகமாகப் போனால்தான் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பி மிதித்தேன்.

ஒரு வீட்டுப் படியில் துடைப்பத்தோடு நின்ற அம்மா கத்தினார். "மெதுவாப் போய்யா! உன் அலை எங்க அடுப்படி வரைக்கும் வருது!"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். என் சக்கரம் தள்ளிய தண்ணீர் இரண்டு பக்கமும் வாசற்படி தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில்தான் வந்தேன். எஞ்சினுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

தண்ணீரில் இறக்கினால் கிரவுன் ஆயிலைப் பாருங்கள் என்று மெக்கானிக் ஏற்கெனவே சொல்லியிருந்தார். முன்கிரவுன் நட்டைக் கழற்றியதும் வந்தது ஆயில் இல்லை, பால் அதிகமான காப்பி. சூடான ஹவுசிங் தண்ணீரில் பட்டென்று குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். முன்னும் பின்னும் ஆயில் மாற்றி, சீல் மாற்றி, ஜாயிண்ட் கிராஸுக்கெல்லாம் கிரீஸ் அடித்தாயிற்று. தீபாவளித் துணிக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதி காலி.

நவம்பர் 10, ஞாயிறு

டயர் மாற்றிவிட்டேன். பட்டன் இடைவெளி அகலமான, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான வகை. நான்கும் 38,000 ரூபாய். ஜூலையில் கேட்டிருந்தால் டயர் என்ன டயர், நான்கு சக்கரமும் சுற்றினால் போதாதா என்று கேட்டிருப்பேன். தார் ரோட்டில் ஊங்காரச் சத்தம் கேட்கிறது. மைலேஜ் 10.1க்கு இறங்கிவிட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

இரண்டு மூன்று நாளாக மழை. மக்காச்சோளத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று அப்பத்தா. புது பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் கால் வைக்க மாட்டேன் என்று என் தொடையில் கால் வைத்து ஏறியது.

வண்டிப்பாதை தொடங்கும் வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன். இறங்கி முந்நூறு அடி நடந்து பார்த்தேன். டயர் காற்றை 18க்கு இறக்கினேன். நின்ற இடத்திலேயே 4எல், இரண்டாம் கியர், கால் ஆடாமல். பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில் பின்பக்கம் ஒரு முழம் விலகியது, ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்தேன், தானே நேரானது. நிற்கவில்லை. பம்புசெட் வரை போய்விட்டோம். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. "மாட்டு வண்டின்னா உங்க தாத்தா ரெண்டு நாள் பொறுத்து, தரை வாடுன பிறகுதான் உள்ள விடுவாரு" என்று மட்டும் சொன்னது.

பம்புசெட் திண்ணையில் மணை கிடந்தது. டிராக்டர் பையன் எப்போதோ எடுத்துக் கழுவி, மோட்டார் போட வரும்போது அதில்தான் உட்காருகிறானாம். ஜாக்கி பதிந்த தழும்பு வட்டமாக அப்படியே இருந்தது. அப்பத்தா அதை விரலால் தடவிப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அதிலேயே உட்கார்ந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டால் வரவில்லை. சித்தப்பா வீட்டில் இருந்துவிட்டு வருகிறதாம். "தரை வாடட்டும்டா. அப்புறம் வந்து கூட்டிட்டுப் போ."

தனியாகத்தான் திரும்பினேன். டி.கல்லுப்பட்டி பங்கில் காற்றை 30க்கு ஏற்றினேன், லீவரைப் பார்த்தேன், 2எச்தான். வெள்ளிக்கிழமை போய்க் கூட்டி வர வேண்டும், மணையோடு.