சேர்ப்பதற்கு ஆயிரம் போன், நீக்குவதற்கு ஒன்றுகூட இல்லை

டைரக்டரி சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன கடவுச்சொல், எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்கிற பேரேடு. பாளையங்கோட்டையில் ஒரு பிரதி, தென்காசியில் ஒன்று, வள்ளியூரில் ஒன்று என்று வைத்துக்கொண்டு மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு தென்காசியில் லாகின் ஆகவில்லை என்றால் டீ ஆறுவதற்குள் போன் வந்துவிடும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் எனக்குப் போன் செய்ததில்லை. ஆனால் சிங்க், அதாவது பிரதிகளை ஒன்றுபோல வைக்கும், வேலையில் உண்மையான தலைவலி இரண்டாவதில்தான்.

நான் ஆரம்பித்தது ஒரு கல்லூரி லேபில், என்ஐஎஸ் என்ற பழைய யூனிக்ஸ் டைரக்டரியின் காலத்தில். மாஸ்டர் என்ற மூல சர்வரில் ஒரு பேரை மாற்றி மேக் கட்டளை கொடுத்தால் அந்த மேப், அதாவது பட்டியல், மொத்தமும் புதிதாக உருவாகி, பிரதி வைத்திருக்கும் ஸ்லேவ் சர்வர்களுக்கு முழுசாகப் போகும், மாறியது ஒரே ஒரு வரியாக இருந்தாலும். அந்த நேரத்தில் ஸ்லேவை யாராவது அணைத்து வைத்திருந்தால் தவறிப்போகும், அதனால் குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் கிரானில், மேப்பை இழுத்து வரும் ஒய்பிஎக்ஸ்எஃப்ஆர் கட்டளையைப் போட்டு வைப்போம். முரட்டு வழிதான். ஆனால் பழைய மேப்பைத் தூக்கிப் போட்டுப் புதியது உட்கார்ந்துவிடுவதால், நீக்கிய பேர் தானாகவே போய்விடும்.

மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்று வந்த பிறகுதான் சிக்கல். இல்லாத ஒன்றை எப்படி அனுப்புவது? ஓப்பன்எல்டேப் என்ற டைரக்டரி மென்பொருளின் சிங்க்ரெப்ல், 2006-இல் ஆர்எஃப்சி 4533 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்த முறை, இதற்கு வைத்த வழிகளில் ஒன்று பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு மாதிரி: இருப்பவர்கள் எல்லாருடைய அடையாள எண்ணையும் வாசிப்பது, வாசிக்காத பேரை வாங்குகிற சர்வர் அழித்துவிடுவது. எனக்குப் பிடித்த முறை. ஆள் எண்ணிக்கை கூடினால் வாசித்து மாளாது என்பது வேறு விஷயம்.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி அப்படியல்ல. நீக்கிய கணக்கை உடனே அழிக்காமல் டூம்ஸ்டோன், அதாவது கல்லறைக்கல், என்று குறித்து வைத்து, அந்தக் குறியை மற்ற சர்வர்களுக்கு அனுப்பும். கெடு முடிந்ததும் குறியும் போய்விடும். விண்டோஸ் 2000-இல் கெடு 60 நாள், 2003 சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு புதிதாக உருவான டைரக்டரிகளில் 180. பழைய 2000-இல் பிறந்து அடுத்தடுத்து அப்கிரேட் ஆகி வந்திருந்தால், யாரும் கை வைக்காதவரை அந்த 60 அப்படியே கிடக்கும். கெடுவுக்கும் மேலே இணைப்பில்லாமல் கிடந்த சர்வருக்கு அந்தக் கணக்கு நீக்கப்பட்டது தெரியாது, சொல்லவும் யாரிடமும் இப்போது குறி இல்லை.

இதை ஒரு ஜவுளிக்கடைக் குழுமத்தில் நேரிலேயே பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வந்ததில் கடையின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். சர்வரை மட்டும் பையன்கள் மாடிக்குத் தூக்கிவிட்டார்கள், நல்ல காரியம். அப்புறம் கடையைப் புதுப்பித்தபோது அது குடோனுக்குப் போனது. கிளை பாளையங்கோட்டை சர்வரை நம்பியே ஓடியது. ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு யாரோ அதைத் தேடியெடுத்துத் தூசி தட்டி கேபிளைச் சொருகிவிட்டார்கள்.

பாளையங்கோட்டை சர்வர் அதோடு பேச மறுத்து 2042 என்ற எண்ணில் ஒரு பதிவை எழுதியது: ரொம்ப நாளாக இந்த இயந்திரத்தோடு தொடர்பே இல்லை என்று. அதே பதிவிலேயே, வேண்டுமானால் விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இதை மாற்றி அனுமதிக்கலாம் என்றும் இருக்கும், வம்பே அதுதான். கிளை மேலாளர் அதைப் படித்துவிட்டு, "வழியத்தான் அதுவே சொல்லுதே சார், போட்டு விடுங்க" என்று நின்றார். என் சீனியர் அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வி, இந்த டொமைன், அதாவது கடையின் டைரக்டரி, எந்தக் காலத்தில் பிறந்தது என்பது. 2000. அப்படியென்றால் கெடு 60, அதோடு, சந்தேகமான மாற்றத்தை வாங்காமல் நிறுத்தும் ஸ்ட்ரிக்ட் ரெப்ளிகேஷனும் அணைந்திருக்க வாய்ப்பு. பார்த்தால் இரண்டும் அப்படியேதான்.

"ஏ தம்பி, கேபிளப் புடுங்கு மொதல்ல. பொங்கலோட போனவம்லாம் எந்திச்சு வந்துருவாம்லா."

வந்திருப்பார்கள்தான். ஸ்ட்ரிக்ட் இருந்தால், இல்லாத கணக்குக்கு மாற்றம் வரும்போது 1988 என்று எழுதிவிட்டு மேலே வாங்காமல் நிறுத்திவிடும். அணைந்திருந்தால், இந்தக் கணக்கு என்னிடம் இல்லையே, முழுசாகக் கொடு என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். பழைய சர்வரில் அந்தக் கணக்கை யாராவது லேசாகத் தொட்டாலே போதும். பில்லிங்கில் தள்ளுபடி போடும் உரிமையோடு போன ஆள் அதே உரிமையோடு திரும்பி வந்திருப்பார்.

அந்த சர்வரில் காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாளையங்கோட்டையில் அதன் பழைய அடையாளத்தைத் துடைத்து, இதில் விண்டோஸைப் புதிதாக ஏற்றி மறுபடி சேர்த்தோம். ஸ்ட்ரிக்ட்டை எல்லா இடத்திலும் போட்டாயிற்று. கெடுவை எவ்வளவு வைப்பது என்றபோது முதலாளி, "ஒரேயடியா ஒரு வருசம் வச்சிரு தம்பி" என்றார். வைக்கலாம், பேக்கப்பும் அந்த அளவுக்குச் செல்லும். ஆனால் ஒரு வருடம் ஒரு சர்வர் பேசவில்லை என்பதை யாரும் கவனிக்காமல் இருக்க அதுவே வசதியாகிவிடும் என்றோம். 180-இல் நின்றோம். வாரத்துக்கு ஒரு முறை, சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று காட்டும் ரெப்அட்மின் சுருக்கம் எடுத்துப் பார்ப்பது என்றும் முடிவானது.

ஆள் போனதும் கணக்கை அழிப்பதையும் நிறுத்திவிட்டோம், முடக்கி மட்டும் வைக்கிறோம். ஜவுளிக்கடையில் பொங்கலோடு போனவர் தீபாவளி நெருங்கும்போது திரும்பி வருவார். அதே பேரில் புதுக் கணக்கு போட்டாலும் எஸ்ஐடி என்ற உள் அடையாள எண் வேறு, பழைய அனுமதி எதுவும் ஒட்டாது. யார் போனார்கள் என்ற பட்டியலை மாதாமாதம் எச்ஆர் அனுப்ப வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். போன மாதத்துப் பட்டியல் இன்னும் வரவில்லை.