செவலைக் கடுவனும் என் கறிவேப்பிலைத் தொட்டியும்

மார்கழியில் ஆரம்பித்தது. காலையில் கறிவேப்பிலை பறிக்கப் போனால் குப்பென்று ஒரு வாடை. எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று தொட்டிகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து ஆளையே பார்த்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மா சோறு வைக்கும் செவலைக் கடுவன் பூனை, தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நேரே தூக்கி, நுனி மட்டும் நடுங்க, பின்பக்கமாகச் சர்ரென்று பீய்ச்சிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் சுவரேறிப் போனான். குந்தி உட்கார்ந்து மண்ணை மூடிவிட்டுப் போவது வேறு, இது வேறு. இது பட்டா போடுகிற வேலை.

முதலில் பினாயில் ஊற்றினேன். மறுநாள் அதே இடத்தில் இரண்டு மடங்கு. நாம் கடுமையாக ஏதாவது வாடை போட்டால் அவன் அதற்கு மேல் தன் வாடையைப் போடுகிறான், அவ்வளவுதான். அப்புறம்தான் தெரிந்தது, பினாயில் வகையறாவைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது, பாதத்தில் பட்டதை நக்கினால் அதற்கு ஆபத்து. நிறுத்திவிட்டேன். அந்துருண்டையும் அப்படித்தான், விஷம். பக்கத்துத் தெரு நண்பர் பிளீச்சிங் பவுடர் என்றார், மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் புகை வரும், வேண்டாம் என்றேன். ஆரஞ்சுத் தோல், காபித் தூள் சக்கை எல்லாம் இரண்டு நாள் கூத்து, காய்ந்ததும் பலனில்லை.

இதற்கு நடுவில் நானே செய்த முட்டாள்தனம் ஒன்று. களை பிடுங்கும்போது குப்பைமேனியை வேரோடு பிடுங்கி அந்தத் தொட்டி ஓரமாகவே குவித்து வைத்திருந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் செவலை அந்த வேரை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரண்டுகொண்டிருக்கிறான்! அதற்குப் பூனைவணங்கி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது நான்தான். இப்போது களையைப் பிடுங்கிய கையோடு பையில் போட்டுக் கட்டிவிடுகிறேன்.

உண்மையில் வேலை செய்தது கழுவுவதுதான், ஆனால் முறையாக. கடுவன் மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது, காய்ந்து படிந்துவிடும், பனி விழுந்து ஈரமானால் வாடை திரும்ப எழும்பும். நான் தினமும் பைப்பைப் பிடித்து அடித்ததெல்லாம் வீண். வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து சுவரைத் தேய்த்தேன், காய்ந்தபின் வீட்டில் போட்டு வைத்திருந்த பயோ என்சைமை, அதாவது புளிக்கவைத்த கழுவுநீரை (வெல்லம் 1 பங்கு, எலுமிச்சைத் தோல் 3, தண்ணீர் 10, மூன்று மாதம் ஊறியது) வடிகட்டித் தண்ணீர் கலந்து தெளித்து ஊறவிட்டேன். நாலு நாள் தொடர்ந்து. சிமெண்டுச் சுவரில் வாடை போய்விட்டது. மண்தொட்டி மட்டும் உள்ளே குடித்துவிட்டது, எத்தனை தேய்த்தும் போகவில்லை, செடியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு அதை உடைத்துப் போட்டேன். மனசு வரவில்லை, ஆனாலும் வேறு வழி?

அப்புறம் எதிர்வீட்டு அம்மாவிடம் பேசினேன். "ஐயோ, அது வாயில்லா ஜீவன் தம்பி" என்று முதலில் இழுத்தார்கள். கருத்தடை செய்தால் சண்டை போட்டுக் காதைக் கிழித்துக்கொண்டு வருவதும் குறையும் என்றதும் சரி என்றார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை, உள்ளே நெத்திலிக் கருவாடு, பத்தே நிமிடத்தில் ஆள் உள்ளே. செலவு ஆளுக்குப் பாதி. பெரும்பாலான கடுவன்கள் இதோடு நிறுத்திவிடும், ஆனால் உடனே இல்லை, சில வாரம் ஆகும் என்றார் டாக்டர்.

இது பத்தாவது வாரம். கடைசியாகப் பீய்ச்சியது பதினேழு நாளுக்கு முன்னால், அதுவும் என் வண்டியின் பின் டயரில். கீரைப் பாத்தியைத் தோண்டுவது மட்டும் நிற்கவில்லை, பொலபொலவென்ற மண்ணைக் கண்டால் விடமாட்டான். கோழிவலையைப் படுக்கையாக விரித்து ஓரத்தில் செங்கல் வைத்திருக்கிறேன், அரைக்கீரை வலைக்கண் வழியாக இரண்டு இலை விட்டிருக்கிறது.