உறையில் எழுதாத சொல்

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வரும் கிளினிக் நோயாளர்களுக்கு மருந்து வழங்கிய முதலிரு ஆண்டுகளில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் ஆகிய இரண்டையும் கடதாசி உறைகளில் போட்டு, "சாப்பாட்டுக்குப் பிறகு 1" என்று எழுதிக் கொடுத்தால் மருந்தாளரான என் வேலை முடிந்தது என்றே நான் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் வயற்சொந்தக்காரரான ஒரு போடியார். இதய நாடியில், அதைத் திறந்து வைத்திருக்கும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் வைத்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. வேளாண்மை வெட்டுக் காலத்தில் கத்தி பட்ட விரலில் இரத்தம் நிற்கச் சுணங்கியதால் பயந்து, இரண்டு குளிசைகளையும் தாமாகவே நிறுத்திவிட்டார். இரண்டு கிழமைக்குள் நெஞ்சுவலி; ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்திருந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். பிறகு அவருடைய மகள் பிஸ்கட் தகரத்திலிருந்து எடுத்துக் காட்டிய உறைகளில் இருந்தது என் கையெழுத்துத்தான். ஏன் நிறுத்தக்கூடாது என்று ஒரு சொல்கூட அவற்றில் இல்லை.

"பிரஷர் குளிசையெண்டா பிரஷரப் பார்க்கலாம். இது வேல செய்யுதெண்டு எப்பிடித் தெரியும் மகன்?" என்று போடியார் கேட்டார்.

வாய்க்கால் வரம்பு உடைந்தால் அடைக்க ஓடிவரும் ஆட்கள்தான் குருதிச் சிறுதட்டுகள் என்றேன். ஸ்டென்டின் கம்பியையும் உடைப்பென்று எண்ணி அவர்கள் கூடினால், வாய்க்காலே அடைபட்டுவிடும். சிறுதட்டுகள் ஒன்றையொன்று கூப்பிட உதவும் ஒரு நொதியத்தை அஸ்பிரின் மீளாமல் முடக்குகிறது. கரு இல்லாத சிறுதட்டு அதைப் புதிதாக ஆக்க இயலாது, 7 முதல் 10 நாள் ஆயுள் முடியும்வரை அது அப்படியே கிடக்கும். குளோபிடோக்ரல், ஈரலில் மாற்றமடைந்த பின், சிறுதட்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் வேறொரு வழியை மறிக்கிறது. நிறுத்தினாலோ, என்பு மச்சை நாள்தோறும் அனுப்பும் புதிய ஆட்களை மறிக்க எவருமில்லை.

"ஒருபோதும் நிறுத்த வேண்டாம்" என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. மாரியில் டெங்கு வந்தால், இரத்தம் கசியும் ஆபத்தால் வைத்தியரே இவற்றை இடைநிறுத்தக்கூடும். உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாக மலம் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும் வேண்டும். ஆகவே "டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்" என்று சிவப்புப் பேனாவால் எழுதினேன். உறையை வாங்கிய போடியார், தழும்பு விழுந்த விரலைத் தடவியபடி, "அப்ப, அண்டைக்கு ரத்தம் நிக்காமக் கிடந்ததுதான் குளிசை வேல செய்த அடையாளம்" என்றார்.